கம்ப்யூட்டர் மிஸ் இன்டர்வியூவுக்குப் போனாள்

மர்பி டவுன், பெங்களூர்
6 ஜூன் 2004

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

நானும் நிக்கோலும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா? அந்த மணல் காற்றில் மூக்கைக் கட்டிக்கொண்டு போங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நிக்கோல் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் மூடுவதில்லை. எல்லாம் உங்கள் ரத்தம்.

சங்கதிக்கு வருகிறேன். மமதாவை ஞாபகம் இருக்கிறதா? கன்னிங்ஹாம் ரோடு கம்பெனியில் என் பக்கத்து சீட், மல்லேஸ்வரத்துப் பெண். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கம்பெனியை இழுத்து மூடினபோது நான் ஸ்கூலில் கம்ப்யூட்டர் மிஸ்ஸாகச் சேர்ந்தேன். அவள் விடாமல் அலைந்து வேறு சாஃப்ட்வேர் வேலை பிடித்தாள். இப்போது ஒரு அமெரிக்க முதலீட்டு வங்கியில் இருக்கிறாளாம். பெரிய பெரிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கி விற்கிற வங்கி. அதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை இங்கே பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். போன சனிக்கிழமை நிக்கோலுக்கு ஷூ வாங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்ரீ பியாட்ரிஸ், இன்னுமா பசங்களுக்குக் கம்ப்யூட்டர்ல படம் வரையச் சொல்லிக் குடுத்துட்டிருக்கே? எங்க டீம்ல ஆள் எடுக்கறாங்க. ரெஸ்யூம் குடு, உள்ள தள்ளி விடறேன். பாக்கி உன் பாடு" என்றாள்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்களிடம் மறைப்பானேன்? பிள்ளைகளோடு கத்துவதும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு புரோகிராமை எழுதி, ஓடவிட்டு, அது தடுக்காமல் ஓடுவதைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது இல்லாமல் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இன்னொன்றையும் பட்டென்று எழுதிவிடுகிறேன். இந்த வேலை கிடைத்தால் நீங்கள் ஊருக்கே வந்துவிட வேண்டும். பாலைவனத்தில் ஸ்டோர் கீப்பராக ஆறு வருஷம் இருந்தது போதும். நிக்கோலுக்கு அப்பா என்றால் கிறிஸ்துமஸுக்கு வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். எனக்கு மட்டும் என்னவாம், அதே ஆள்தான். என்ன சொல்கிறீர்கள்?

பல்லில்லாத முத்தம் ஒன்று அனுப்பச் சொன்னாள் உங்கள் மகள். அனுப்பிவிட்டேன்.

உங்கள் பியாட்ரிஸ்


ஓமன், கேம்ப்
24 ஜூன் 2004

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

உன் கடிதம் சரக்கு லாரியில் வெங்காய மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. படிக்கும்போது கண் எரிந்தது. வெங்காயமா நீயா, தெரியவில்லை. இருமல் நின்றுவிட்டது, வெயில்தான் நிற்கவில்லை. நிக்கோலின் விழுந்த பல்லை எனக்காக ஒன்று எடுத்துவை.

முதலீட்டு வங்கி என்கிறாயே, அங்கே பாஸ்புக் என்ட்ரி போடுவார்களா? முறைக்காதே, கேலிதான். ரூமில் என்னோடு இருக்கிற கோவிந்தராஜனிடம் கேட்டேன், அந்தப் பொம்மனஹள்ளிக்காரர். அவர் மச்சான் சாஃப்ட்வேரில் இருக்கிறானாம். "ரெஸ்யூம்ல ஸ்கூல் மிஸ்ஸுன்னு போட்டா தூக்கிக் கடாசிடுவாங்க சார். கன்சல்டன்ட்டா இருந்தாங்கன்னு போடச் சொல்லுங்க. பாதிப் பெங்களூரு அப்படித்தானே ஓடிக்கிட்டிருக்கு. சர்டிபிகேட் வேணும்னா மச்சான் ரெடி பண்ணுவான்" என்கிறார். எனக்கு இதெல்லாம் தெரியாது. யோசித்துச் செய்.

கிடைக்கும் வரை யாரிடமும் மூச்சு விடாதே, கண் பட்டுவிடும். முக்கியமாகக் கீழ் வீட்டு ருக்மிணியிடம். அவரிடம் சொல்வதும் ஒன்று, அல்சூர் மார்க்கெட்டில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்று.

இங்கே புதிதாக வால்வுகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி அடுக்கவேண்டும். லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், அதனால் முடிக்கிறேன். இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓஸ்வால்ட்


மர்பி டவுன்
11 ஜூலை 2004

அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

இங்கே மழையும் சளியும் சேர்ந்து வந்திருக்கின்றன, மற்றபடி குறையில்லை. உங்களுக்கு வால்வு ஒட்டி முடிந்ததா?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வெங்காயம் இருக்கிறது, வால்வு இருக்கிறது, ருக்மிணி இருக்கிறார். நான் கேட்ட கேள்விக்குப் பதிலைத்தான் காணோம். லாரியிலிருந்து வழியில் விழுந்துவிட்டதா?

கோவிந்தராஜன் சாருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், ஆனால் கன்சல்டன்ட் கதையெல்லாம் என்னால் ஆகாது. மூன்று வருஷம் செவன்த் பி பசங்களோடு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதை நான் செய்யவே இல்லை என்று எழுதினால் எனக்கே பத்திக்கொண்டு வரும். ஸ்கூல் டீச்சர் என்றே போட்டு மமதாவிடம் கொடுத்துவிட்டேன். "நீயும் உன் நேர்மையும்" என்று தலையில் அடித்துக்கொண்டு வாங்கிப்போனாள்.

படிப்பு நடக்கிறது. டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய புத்தகங்களை எடுத்தால் பாதியைக் கரையான் படித்து முடித்திருக்கிறது. இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் தர மாட்டார்களாம். போர்டில் நின்றபடியே புரோகிராம் எழுதவேண்டும். போர்டு எனக்குப் புதிதா? ஸ்கூல் விட்ட பிறகு கிளாஸ் ரூமிலேயே எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஒரு கணக்கு மட்டும் கழுத்தை அறுத்தது. லிங்க்ட் லிஸ்ட் என்று ஒரு சங்கதி. பயந்துவிடாதீர்கள், பிள்ளைகள் வரிசையில் நிற்பதுதான் அது. ஒவ்வொருவனும் முன்னால் இருப்பவன் தோளைப் பிடித்திருக்கிறான். யாரும் இடம் மாறாமல், பிடித்த கையை மட்டும் மாற்றி மாற்றி, வரிசையை அப்படியே பின்பக்கம் பார்க்கத் திருப்ப வேண்டும். ஒருவன் கையை எடுக்கும் முன், அவன் யாரைப் பிடித்திருந்தான் என்று கவனித்து வைக்காவிட்டால் மீதி வரிசை கைவிட்டுப் போய்விடும். என் மண்டையில் ஏறவே இல்லை. கடைசியில் செவன்த் பி-யை கிரவுண்டில் நிற்கவைத்தே செய்து பார்த்துவிட்டேன். முதல் தடவை நான் கவனிக்காமல் விட்ட பையன்கள் இரண்டு பேர் கேன்டீனில் அகப்பட்டார்கள். பி.டி. மாஸ்டர் டெஸ்மண்ட் ஓடி வந்து, "வாட் மேன் பியாட்ரிஸ் மிஸ், என் டிரில் பீரியடையும் நீங்களே எடுக்கறீங்களா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை வரிசை மொத்தமும் திரும்பியது. பசங்கள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

பதில் எழுதுங்கள். கேள்விக்குப் பதில்.

உங்கள் பியாட்ரிஸ்


ஓமன், கேம்ப்
5 ஆகஸ்ட் 2004

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

நலம். சளிக்கு ஆவி பிடி. நாலு நாளாகப் புழுதிக் காற்று, வாசல் கதவைத் திறக்க முடியவில்லை, லாரியும் தாமதம். இந்தக் காகிதத்தை உதறிவிட்டுப் படி, மணல் கொட்டும்.

வரிசை கதையைக் கோவிந்தராஜனுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு. உண்மையிலேயே நன்றாகத்தான் படிக்கிறாய். பெருமையாக இருக்கிறது.

மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். நிக்கோலைக் கேட்டதாகச் சொல்.

ஓஸ்வால்ட்


மர்பி டவுன்
29 ஆகஸ்ட் 2004

அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

உடம்புக்கு என்ன என்று நான் கேட்பதாக இல்லை. உங்களுக்கு ஒன்றும் இல்லை, நல்ல தெம்பாகத்தான் இருக்கிறீர்கள் என்று கோவிந்தராஜன் சொல்லிவிட்டார். ஆமாம், அவர் லீவில் வந்தவர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. அவர் கூடவே கொண்டுவந்த இன்னொன்றும் சேர்ந்தது.

முதலில் நல்ல செய்தி. வங்கியிலிருந்து ஃபோன் வந்தது. நமக்கு ஃபோன் ஏது, ருக்மிணி வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். (ஆமாம், அவருக்குச் சொல்லவேண்டியதாகிவிட்டது. மைக் பிடித்தாகிவிட்டது. காய்காரர் வரைக்கும் "பேங்க் மேடம்" என்கிறார்.) முதலில் பேசிய பெண், "ஸோ, பேஸிக்கலி நீங்க ஒரு ஸ்கூல் டீச்சர்?" என்று இழுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க, புரோகிராம் எழுதத் தெரிஞ்ச டீச்சர்" என்றேன். அப்புறம் சீனிவாசராகவன் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். ருக்மிணி வீட்டுக் குக்கர் நடுவில் விசிலடித்தது. "அது என்ன சத்தம்?" என்றார். "டைம் ஆச்சுன்னு பெல் சார்" என்றேன். சிரித்தார். நேரில் கூப்பிடுகிறார்கள், தேதி பிறகு சொல்வார்களாம். இன்று சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேற்றம். நிக்கோலும் நானும் போய் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினோம். ஒன்று இன்டர்வியூவுக்கு. இன்னொன்று உங்களுக்கு.

இனி இரண்டாவது. கோவிந்தராஜன் காப்பியைக் குடித்துக்கொண்டே, "சாருக்கு இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுக்கறாங்கம்மா, அக்டோபர் பதினஞ்சுக்குள்ள சைன் பண்ணணும். உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டி இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினேன்.

எப்போது வந்தது இந்தப் பேச்சு? நான் ஜூனில் கேட்டபோதே தெரியுமா? அதனால்தான் வால்வு, வெங்காயம் என்று எழுதினீர்களா? என்னிடம் மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான் இங்கே உங்களைக் கூட்டிவரத்தான் ராப்பகலாகப் படிக்கிறேன். நீங்கள் அங்கே பேனாவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

பியாட்ரிஸ்


ஓமன், கேம்ப்
16 செப்டம்பர் 2004

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

நலமா என்று கேட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடுவாய். ஆனாலும் கேட்கிறேன், இருவரும் நலமா?

கோவிந்தராஜனின் வாய்க்கு ஒரு வால்வு மாட்டவேண்டும். சரி, அவர் மேல் தப்பில்லை. ஜூனிலேயே தெரியும். எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

கோபப்படாமல் படி. நான் அங்கே வந்து என்ன பண்ணுவேன்? எனக்கு நாற்பது முடிந்துவிட்டது. தெரிந்ததெல்லாம் சாமானை அடுக்குவது, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது. உனக்கு அந்த வேலை கிடைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை, நீ கெட்டிக்காரி. காலையில் கம்பெனி வண்டி வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போகும். நான் லுங்கியோடு மாடியில் நின்று கை காட்டுவேன். "சாருக்கு எங்க வேலை?" என்று ருக்மிணி கேட்டால் என்ன சொல்வது? இங்கே வெயிலில் வெந்தாலும் நான் ஓஸ்வால்ட், ஸ்டோர்ஸ். அங்கே வந்தால் பேங்க் மேடத்தின் புருஷன். எனக்குப் பயமாக இருக்கிறது, போதுமா?

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். ரெண்டு வருஷம் ஓடிப்போய்விடும். நீ இதை மனசில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஓஸ்வால்ட்


மர்பி டவுன்
30 செப்டம்பர் 2004

அன்புள்ள ஓஸ்வால்ட்,

பெயர் சொல்லி எழுதுகிறேன். அந்த அளவுக்குக் கோபம். நிக்கோல் சௌக்கியம், புதுப்பல் எட்டிப் பார்க்கிறது.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதின கடிதங்களிலேயே இதுதான் உருப்படியான கடிதம். பயம் என்று சொன்னீர்களே, அதற்கு. முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் இரண்டு மாசம் மனசுக்குள் உங்களைத் திட்டாமல் இருந்திருப்பேன்.

வந்து என்ன பண்ணுவேன் என்று கேட்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனி மூடி நான் வீட்டில் உட்கார்ந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நைட்டியைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் அப்போது லீவில் வந்திருந்தீர்கள். ஊரெல்லாம் "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்டது. நீங்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதைக் கேட்டிருப்பீர்களா? "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டீர்கள். காலையில் கேட்டீர்கள், மத்தியானம் கேட்டீர்கள். நான் எழுந்து நடமாடினது அதனால்தான். நீங்கள் வந்தால் நானும் அதையே கேட்பேன். வேறு எதையும் கேட்க மாட்டேன். ருக்மிணி கேட்டால் அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் வாய் இருக்கிறது.

இன்டர்வியூ அக்டோபர் ஏழாம் தேதி. இதற்கு மேல் உங்களைக் கெஞ்ச மாட்டேன். பேனா உங்களுடையது, கை உங்களுடையது.

பியாட்ரிஸ்


மர்பி டவுன்
8 அக்டோபர் 2004

அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம், என் மானம் மட்டும் நலமில்லை. உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வராவிட்டாலும் இதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஸ்கூலில் லீவு சொல்லிவிட்டு, நிக்கோலை ருக்மிணியிடம் விட்டுவிட்டுப் போனேன். (ருக்மிணி சாமி ரூமிலிருந்து குங்குமம் எடுத்து வந்து, "உங்க சாமி கோச்சுக்காதுல்ல?" என்று கேட்டு வைத்துவிட்டார். நானும் "ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்துக்கட்டும்" என்றேன்.) தொம்லூர் தாண்டி இன்னர் ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஏ.சி.யில் பல் கிட்டியது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் தன்னை வைஸ் பிரசிடென்ட் என்கிறார். அங்கே தெருவுக்கு நாலு பேர் வைஸ் பிரசிடென்ட் போலிருக்கிறது. ஒரு புதிர்க் கணக்கில் நன்றாகவே சொதப்பினேன்.

கடைசிச் சுற்று சாயங்காலம். ரூமில் சீனிவாசராகவன். சுவரில் பெரிய டிவி, அதில் நியூயார்க்கிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள், அவர்களுக்குக் காலை நேரம், கையில் காப்பி. என்ன கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? வரிசையைத் திருப்பு என்கிறார்கள்! எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். செவன்த் பி மொத்தமும் கண் முன்னால் வந்து நின்றது. மடமடவென்று போர்டில் எழுதிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் இரண்டடி பின்னால் வந்து, யாரோ ஒரு பையன் எழுதியதைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒரு ஓட்டை தெரிந்தது. வரிசையில் ஒருவனுமே இல்லாவிட்டால், கிளாஸ் காலியாக இருந்தால், என் புரோகிராம் குப்புற விழுந்துவிடும். போர்டுக்குக் கீழே சிவப்பு மார்க்கர் கிடந்தது. எடுத்தேன், அந்த இடத்தை வட்டம் போட்டேன், பக்கத்தில் தப்பு மார்க் போட்டேன், அரை மார்க் குறைத்தேன். ஆமாம், என் சொந்தப் பதிலுக்கு. போர்டில் பெரிசாக, மைனஸ் அரை. போட்ட பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது.

சரி, சமாளிப்போம் என்று தப்பைத் திருத்தி எழுதிவிட்டு விளக்க ஆரம்பித்தேன். பையன்கள், தோள், கை, கேன்டீன், எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். பயத்தில் குரல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முடித்துவிட்டு மார்க்கரை மேசையில் தட்டி, டிவியைப் பார்த்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கேட்டேன்: "அண்டர்ஸ்டுட், சில்ட்ரன்?"

நியூயார்க்கைப் பார்த்துக் கேட்டேன்! மாதாவே!

முதலில் வாயைத் திறந்தது சீனிவாசராகவன். "எஸ் மிஸ்" என்றார், தன்னையறியாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. அந்தக் கூத்து கடல் தாண்டிப் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் ஆகிறது அல்லவா, அதுவரை டிவியில் இரண்டு முகமும் கல் மாதிரி இருந்தன. அப்புறம் ஒருவர் காப்பியைத் துப்பிவிட்டார். "நாங்கள் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். வீட்டுக்கு வந்து ருக்மிணியிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார், நிக்கோல் சிரிக்கிறாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

போனது போகட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன்.

உங்கள் பியாட்ரிஸ்


மர்பி டவுன்
18 அக்டோபர் 2004

அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

நலமாக இருங்கள், எங்கே இருந்தாலும்.

கிடைத்துவிட்டது!

மமதா முதலில் ஃபோனில் கத்தினாள், "கெத்புட்டே கணே!" என்று. ஜெயிச்சுட்டே என்கிறாள். பிறகு வங்கியே கூப்பிட்டது. அந்த இழுத்துப் பேசுகிற பெண் இன்று இழுக்கவே இல்லை. நவம்பர் பதினைந்து சேரவேண்டும். ருக்மிணி தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாகிவிட்டது. டெஸ்மண்ட் செவன்த் பி-யைக் கிரவுண்டில் நிறுத்தி எனக்கு சல்யூட் அடிக்கவைத்தார். பசங்களில் சிலர் அழுதார்கள், நானும்.

எப்படி எடுத்தார்கள் என்று மமதாவைக் கேட்டேன். "வந்தவங்க எல்லாம் தப்பு மேல கைய வெச்சு மறைச்சாங்களாம். நீ ஒருத்திதான் மார்க் கட் பண்ணினியாம். அதுவும் இல்லாம, நியூயார்க்காரங்க சொல்றாங்க, எங்களுக்குப் புரிஞ்சுதான்னு திரும்பிக் கேட்ட ஒரே ஆள் நீதானாம்" என்றாள். டீமில் எனக்கு இப்போதே மிஸ் என்றுதான் பெயராம்.

பதினைந்தாம் தேதி போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நான் சண்டை போட மாட்டேன். இன்றைக்கு நான் ஜெயித்த நாள், இதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு வருஷம்தானே, நாங்கள் இருந்துகொள்கிறோம். ஆனால் ஜெயித்ததைச் சொல்ல மாடி ஏறி ஓடி வந்தேன், வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. அதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பியாட்ரிஸ்


ஓமன், கேம்ப்
14 அக்டோபர் 2004

என் பியாட்ரிஸுக்கு,

சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டுவிட்டேன், இன்றைக்கு நன்றாகவே.

உன் செப்டம்பர் கடிதம் இன்று காலை லாரியில் வந்தது. ஸ்டோருக்குள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன். மூன்று பேர் வந்து சாமான் கேட்டார்கள், "அப்புறம் வா" என்று விரட்டிவிட்டேன். ஆறு வருஷத்தில் யாரையும் அப்படி விரட்டினதில்லை.

மத்தியானம் மானேஜர் கூப்பிட்டார். காகிதத்தை வைத்தார், பேனாவையும் அவரே திறந்து வைத்தார். "வேண்டாம் சார், நவம்பரோட ஊருக்குப் போறேன்" என்றேன். "ஏன் ஓஸ்வால்ட், ஊர்ல வேலை கிடைச்சுதா?" "இல்ல சார். என் வைஃபுக்கு இன்டர்வியூ." "ஓ, செலக்ட் ஆயிட்டாங்களா?" "தெரியாது சார்." "தெரியாமலேவா போறே?" "ஆமா சார்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இன்டர்வியூ எப்படி ஆனது என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. கிடைத்திருந்தால் தெருவே கேட்கக் கத்துகிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம், யாராவது ஒருவர் எழுந்து சோறு வடிப்போம். வந்த பிறகு எனக்கு ஒரு வேலை தேடிக்கொள்கிறேன். அதுவரை நிக்கோலை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவது நான். ருக்மிணி "எங்க வேலை?" என்று கேட்டால், "வீட்ல" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் வாய் இருக்கிறது.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பயத்தோடேயே வருகிறேன்.

டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்? நீயே சொல். டிசம்பரில் எந்த நாள் சொன்னாலும் வந்து இறங்குகிறேன்.

உன் ஓஸ்வால்ட்


மர்பி டவுன்
28 அக்டோபர் 2004

இயேசு மரி சூசை துணை

என் அன்புள்ள நிக்கோல் அப்பாவுக்கு,

சாப்பிட்டேன். நிக்கோலும் சாப்பிட்டாள். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள், இங்கே வந்து இறங்கும்போது ஆளாக இறங்க வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ரெண்டு வருஷம் என்று எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். படித்தேன். மேலே தேதியைப் பார்த்தேன். பதினான்கு. திரும்பப் படித்தேன். எனக்கு வேலை கிடைத்தது பதினெட்டு. அடப் பாவி மனுஷா, தெரியாமலேவா! நான் போட்ட சத்தத்தில் ருக்மிணி கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தார். நிக்கோல்தான் சொன்னாள், புதுப்பல்லெல்லாம் தெரிய, "அப்பா வர்றாரு, திரும்பிப் போகமாட்டாரு" என்று. ருக்மிணி கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

வேலை கிடைத்த அன்று நான் ஜெயித்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது சின்னது. இதுதான் பெரிசு. வேலையை நான் வாங்கினேன். இதை நான் வாங்கவில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்ட பிறகு நீங்களாகக் கொடுத்திருக்கிறீர்கள். இருங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், மை அழிகிறது.

இனி டிக்கெட் விஷயம். கவனமாகப் படியுங்கள். நீங்கள் பாட்டுக்கு ஏதோ ஒரு புதன்கிழமையில் வந்து நிற்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த இடம், கேட்டவுடனே லீவு கொடுக்க மாட்டார்கள், எனக்கும் கேட்க வாய் வராது.

சனிக்கிழமை பார்த்துப் போடுங்கள். ஏர்போர்ட்டுக்கு நான் வரவேண்டும்.

உங்கள் பியாட்ரிஸ்